அடுத்த புழு எந்த ஊருக்கு?

கேமரன் மலையின் பிரிஞ்சாங்கில் நான் வேலை பார்க்கும் உரக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வந்தவுடன் எதையும் வாங்குவதில்லை. ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைப்பார்கள். உள்ளே கடிபட்ட இலை இருக்கும். சில சமயம் கடித்ததும் இருக்கும். "இது என்னா புழு?" என்பது முதல் கேள்வி. "என்னா மருந்து?" என்பது இரண்டாவது. பதில் கிடைத்ததும் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டவர் கம்போங் ராஜா பக்கம் சோளம் போட்டிருக்கும் ஓர் அண்ணன்தான்.

"தம்பி, இது கீழ தாப்பாவுல என் மச்சான் கொல்லையில எடுத்தது. குருத்த அப்படியே தின்னு வச்சிருக்கு. நம்ம மலைக்கு இது ஏறுமா?"

பையைத் திறந்தேன். சோளக் குருத்து நார்நாராகக் கிழிந்து, நடுவில் ஈரக் கழிவு அப்பிக் கிடந்தது. அதற்குள் விரற்கடை நீளத்தில் ஒரு புழு. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் நெற்றியில் ஆங்கில 'ஒய்' எழுத்தைத் தலைகீழாகப் போட்ட மாதிரி வெளிர்க்கோடு. வால் பக்கம், கடைசிக்கு முந்தின கணுவில், சதுரத்தின் நான்கு மூலைகளாக நான்கு கறுப்புப் புள்ளிகள். இந்த இரண்டு அடையாளமும் சேர்ந்து இருந்தால் சந்தேகமே வேண்டாம். அமெரிக்கப் படைப்புழு.

"ஏறுமான்னு கேக்கிறீங்களே அண்ணே, ஏறிடுச்சே. உங்க காடியிலதானே வந்துச்சு!"

அவர் சிரித்தார். பிளாஸ்கில் இருந்த வெந்நீரை ஊற்றி அதன் கதையை முடித்தேன். ஆனால் அவர் கேட்டது நல்ல கேள்வி. உலகம் முழுவதும் பூச்சி ஆராய்ச்சியாளர்கள் கணினி முன்னால் உட்கார்ந்து விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வியும் அதுதான். ஒரு பூச்சி ஓரிடத்தில் முளைத்துவிட்டது. அடுத்து எங்கே போகும்? போன இடத்தில் பிழைக்குமா?

படைப்புழு அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவில் கண்டுபிடித்தார்கள். 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தலைகாட்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் தமிழ்நாட்டு மக்காச்சோளக்காரர்களை அழவைத்து, இலங்கை, மியன்மார், தாய்லாந்து என்று போய்விட்டது. 2019இல் சீனாவும் எங்கள் மலேசியாவும். 2020 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் வடமுனை. நான்கு ஆண்டில் பாதி உலகம்! அதன் அந்துப்பூச்சி காற்று வாகாக இருந்தால் ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்கும் என்கிறார்கள். தாப்பாவிலிருந்து எங்கள் மலையின் தானா ராத்தாவுக்கு மலைப்பாதையில் அறுபது கிலோமீட்டர்தான்.

ஆகவே வந்து சேர்வது பெரிய காரியமில்லை. வந்தபின் குடும்பம் நடத்த முடியுமா என்பதில்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். முதல் வழியில், பூச்சி இப்போது வாழும் ஊர்களையெல்லாம் வரைபடத்தில் புள்ளி குத்தி, அந்த ஊர்களுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று கணினியிடம் கேட்பது. எவ்வளவு மழை, எத்தனை மாதம் வறட்சி, மிகக் குளிர்ந்த மாதத்தில் எவ்வளவு குளிர். அதே சாயலுள்ள வேறு ஊர்கள் எவை என்று அது தேடித் தரும். 2006இல் வெளியான மேக்ஸென்ட் என்ற முறை இதில் பேர்போனது. இரண்டாவது வழியில் பூச்சியையே விசாரிப்பார்கள். வெவ்வேறு வெப்பத்தில் பெட்டிக்குள் வளர்த்து, எங்கே வேகமாக வளர்கிறது, எங்கே சுணங்குகிறது, எங்கே சாகிறது என்று குறித்துக்கொண்டு, அந்தக் குணத்தை ஒவ்வோர் ஊரின் தட்பவெப்பத்தோடும் பொருத்துவார்கள். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தைச் சேர்ந்த சதர்ஸ்ட், மேவால்ட் இருவரும் 1985இல் வெளியிட்ட கிளைமெக்ஸ் இந்த இரண்டாவது வகைக்குப் பெரியண்ணன். குளிர், சூடு, வறட்சி, மிதமிஞ்சிய ஈரம் ஆகிய நான்கு தொல்லைகளையும் கழித்துவிட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் போடும். பூஜ்யம் என்றால் அந்தப் பூச்சிக்கு அங்கே நிரந்தர வாசம் கிடையாது.

படைப்புழுவைத் தென்னாப்பிரிக்காவில் இப்படி வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். முட்டையிலிருந்து அந்துப்பூச்சியாக வெளிவர 32 டிகிரியில் 20 நாள் போதும். 18 டிகிரியில் 71 நாள் ஆகிறது. ஏறக்குறைய பன்னிரண்டரை டிகிரிக்குக் கீழே வளர்ச்சியே இல்லை.

இந்த எண்களை வைத்து அண்ணனுக்கு நான் கடையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். எங்களிடம் கடன் நோட்டு உண்டு. புழுவுக்கும் அப்படி ஒரு நோட்டு இருப்பதாக வையுங்கள். அன்றைய சராசரி வெப்பத்தில் பன்னிரண்டரையைக் கழித்து, மிச்சத்தை அன்றன்றைக்கு அதன் பக்கத்தில் எழுத வேண்டும். கூட்டிக்கொண்டே போய் 390ஐத் தொட்டால் பூச்சி வெளியே வந்துவிடும். தானா ராத்தாவில் சராசரி 18 டிகிரி. நாளுக்கு ஐந்தரை சேரும். 71 நாள். கீழே தாப்பாவில் சராசரியை 27 என்று வைத்தால் நாளுக்குப் பதினாலரை. 27 நாளில் கணக்குத் தீர்ந்துவிடும். அங்கே ஆண்டுக்குப் பதின்மூன்று தலைமுறை, இங்கே ஐந்து.

"அப்ப நமக்குப் பயமில்லன்னு சொல்லு."

"ரெண்டு டிகிரி கூடினா என்னாகும்னு பாருங்கண்ணே" என்று அடுத்த வரியைப் போட்டேன். 20 டிகிரி என்றால் நாளுக்கு ஏழரை. 52 நாள். ஐந்து தலைமுறை ஏழாகிவிடும். ஒவ்வொரு தாய்ப்பூச்சியும் நூற்றுக்கணக்கில் முட்டை இடும்போது, கூடுதலாக வரும் இரண்டு தலைமுறை என்பது லேசான விஷயமில்லை. முப்பது ஆண்டுக்கு முன்னால் இந்த ஊரில் காலையில் பல் துலக்கத் தண்ணீரைத் தொடவே பயப்படுவோம். இப்போது பிரிஞ்சாங் கடைகளில் மின்விசிறி சுற்றுகிறது. இதற்குமேல் அண்ணனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இந்தக் கணக்கை நம்பலாமா? ஓரளவுக்கு. எங்கள் மலையைப் பொறுத்தவரை இதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. வெளியூர் ஆராய்ச்சியாளர்கள் பலருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

உலக வரைபடங்களைச் சதுரம் சதுரமாக வெட்டித்தான் இப்படிப்பட்ட கணிப்பைச் செய்கிறார்கள். பெரிய அளவில் போடும்போது ஒரு சதுரம் பதினெட்டுக் கிலோமீட்டர் அகலம்கூட இருக்கும். எங்கள் ஊரில் பதினெட்டுக் கிலோமீட்டருக்குள் என்னவெல்லாம் அடங்கும்! ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் ரிங்லெட். 1,500 மீட்டரில் பிரிஞ்சாங். 2,032 மீட்டரில் மேகம் மூடிய பிரிஞ்சாங் மலை உச்சி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும். ரிங்லெட் தோட்டக்காரர் சட்டையோடு நிற்கும் நேரத்தில் உச்சியில் நிற்பவருக்குக் கம்பளி வேண்டும். கணினியோ இருவரையும் ஒரே சதுரத்தில் அடைத்துச் சராசரி எடுத்துவிடும். நுவரெலியாக்காரர்களுக்கும் ஊட்டிக்காரர்களுக்கும் இதே கதிதான்.

அடுத்தது கூரை. கேமரன் மலைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், சரிவு முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக். மழைக்குப் பயந்து போட்டது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் ஊரில் வேறு வழியில்லை. ஆனால் அந்தக் கூரைக்குள் பகல் பன்னிரண்டு மணிக்கு நுழைந்து பாருங்கள். முதுகில் வேர்வை இறங்கும். வானிலை நிலையத்து வெப்பமானிக்கு அது தெரியாது. படைப்புழு ஆண்டு முழுக்க ஓரிடத்தில் தங்குவதைத் தடுப்பவை முக்கியமாக இரண்டு: மிகக் குளிர்ந்த காலத்தின் குளிர், மழைக்காலத்து மழை. கூரை அந்த இரண்டையும் நம் செலவில் நீக்கிக் கொடுத்துவிடுகிறது. சோளத்தை யாரும் கூரைக்குள் போடுவதில்லைதான். ஆனால் இந்தப் புழு கடித்ததாகப் பதிவான செடிவகைகள் முந்நூற்றைம்பதுக்கு மேல். சோளம் அதற்கு முதல் விருப்பம், அவ்வளவே.

தக்காளி ஊசித்துளைப்பான் என்று இன்னொரு தென்னமெரிக்கப் பூச்சி இருக்கிறது. 2006இல் ஸ்பெயினில் இறங்கி, 2014இல் மகாராஷ்டிரத்துக்கு வந்தது. வடக்கு ஐரோப்பாவின் திறந்தவெளிக் குளிரில் அதற்கு வாழ்வில்லை. ஆனால் அங்கே தக்காளி வளர்வது சூடேற்றிய கண்ணாடி வீடுகளில். அந்தப் பூச்சியும் அங்கேதான் இருக்கிறது. வானிலையை மட்டும் பார்த்து வரைபடம் போட்டால் இந்த மாதிரிக் குடித்தனங்கள் கண்ணில் படாது. கூரைக்குள்ளே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லி நான் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். எழுதுகிறவர்கள் கொஞ்சம்பேர்தான். மருந்துச் செலவை எழுதுகிறவர்களே குறைவு என்னும்போது வெப்பத்தை யார் எழுதப்போகிறார்கள்?

சரி, பூச்சி பிழைக்கும் இடம் தெரிந்துவிட்டது. அங்கே போய்ச் சேருமா என்பது தனிக் கணக்கு. அதில் பூச்சியின் சிறகைவிட மனிதனின் சக்கரம் முக்கியம். 2018இல் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரீகன் எர்லியும் கூட்டாளிகளும் படைப்புழுவுக்கான உலகக் கணிப்பை வெளியிட்டார்கள். தட்பவெப்பத்தோடு அவர்கள் நிற்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து எந்த நாட்டுக்கு எவ்வளவு சரக்குப் போகிறது, எத்தனை பயணிகள் போகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆபத்து அதிகம் என்று அவர்கள் பெயர் சொன்ன நாடுகள்: ஆஸ்திரேலியா, சீனா, இந்தியா, இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து. இரண்டு ஆண்டுக்குள் அந்தப் பட்டியலில் இருந்த ஏழு நாட்டுக்கும் புழு வந்துவிட்டது.

எங்கள் மலைக்கே பழைய அனுபவம் உண்டு. இலையைச் சுரண்டி வெள்ளைக் கோடு கோடாகப் பாதை போடும் லிரியோமைசா ஈ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1980களின் கடைசியில் ஐரோப்பாவுக்குப் போனது, 1990களில் ஆசிய மலைகளுக்கு ஏறியது. இந்தோனேசியாவில் உருளைக்கிழங்கு, நுவரெலியாவில் உருளைக்கிழங்கு, இங்கே கேமரன் மலையில் காய்கறி. ஆளில்லாமல் இது கடல் தாண்டியிருக்காது. ஈயின் முட்டையும் புழுவும் இலைக்குள்ளே இருக்கும். பூச்செடிகளும் வெட்டிய பூக்களும் அதற்கு விமானச் சீட்டு. செவ்வந்திக் கட்டில் நம் கண் பூவைப் பார்க்கும், இலையை யார் பார்க்கிறார்கள்? தினமும் இரவில் இங்கிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் லோரிகள் இறங்குகின்றன. விடிந்ததும் காலிக் கூடைகள் ஏறி வருகின்றன. அந்தக் கூடைகளின் மடிப்பில் ஒட்டிவரும் இலைத் துண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கணிப்புகள் உண்மையிலேயே பலிக்கின்றனவா என்று கேட்பவர்களுக்குச் சேலத்துக் கதையைச் சொல்வேன்.

மரவள்ளி மாவுப்பூச்சி 1970களின் தொடக்கத்தில் தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. கண்டத்தின் நடுவே மரவள்ளியை நம்பி வாழ்ந்த கோடிக்கணக்கான மக்களின் சாப்பாட்டில் கைவைத்தது. அதன் இயற்கை எதிரியைத் தேடிப் போனவர்கள் பராகுவேயில் ஒரு குளவியைக் கண்டுபிடித்தார்கள். அனாகைரஸ் லோபெசி என்று பெயர். எறும்பைவிடச் சிறியது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். அதைக் கொண்டுபோய் ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதோடு தீர்ந்தது என்று இருந்தபோது, 2008இல் பூச்சி தாய்லாந்தில் முளைத்தது.

இப்போதுதான் வரைபடக்காரர்கள் வருகிறார்கள். 2012இல் சொரூஷ் பர்சாவும் கூட்டாளிகளும் கிளைமெக்ஸை வைத்து, ஆசியாவில் இது அடுத்து எங்கெங்கே வாழும் என்று கணித்து வெளியிட்டார்கள். ஆபத்து மிகுந்த இடங்களாக அவர்கள் குறித்தவற்றில் வியட்நாமின் நின் துவான் மாகாணம், இந்தோனேசியாவின் மேற்குத் திமோர் ஆகியவற்றோடு கர்நாடகத்தின் தென்கோடியும் இருந்தது. எட்டு ஆண்டு கழித்து, 2020இல், பூச்சி இந்தியாவுக்கு வந்தது. முதலில் பார்த்தது கேரளத்தின் திருச்சூரில். பிறகு சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு கொடுக்கும் கொல்லைகளில் நுனிக்குருத்தெல்லாம் சுருண்டு முடிச்சு விழுந்தது.

குறித்த இடத்தில் முதலில் இறங்கவில்லை, பக்கத்து மாநிலங்களில் இறங்கியது. எந்த ஆண்டு என்றும் வரைபடம் சொல்லவில்லை. இதை வைத்துக் கணிப்பு பொய் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தென்னிந்தியாவுக்கு எட்டு ஆண்டு முன்னறிவிப்பு கிடைத்திருக்கிறது. அது எவ்வளவு பெரிய அவகாசம்! மருந்தும் தயாராக இருந்தது, அதே பராகுவே குளவி. 2021இல் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் அதைத் தருவித்தது. 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் கொல்லைகளில் திறந்துவிட்டார்கள். பூச்சி வருவதற்கு முன்பே அனுமதித் தாள்களைத் தயார் செய்து வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் விட்டிருக்கலாம் என்பது கடைக்காரனான என் கருத்து. வரைபடம் போடுவது அதற்காகத்தானே.

இங்கேதான் எங்கள் மலையின் முட்டைக்கோஸ் கதையும் வருகிறது. பூச்சியின் வரைபடம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அதன் எதிரியின் வரைபடம். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, எங்கள் கடையின் விற்பனையில் பார்த்தேன்.

வைரமுதுகு அந்துப்பூச்சி முட்டைக்கோஸுக்கு எமன். சிறகை மூடி உட்கார்ந்தால் முதுகில் வெளிர்நிறத்தில் வைர வடிவம் தெரியும். புழு பச்சையாக, ஒரு சென்டிமீட்டர் இருக்கும். தொட்டால் துள்ளிப் பின்வாங்கி, நூல் விட்டுத் தொங்கும். எங்கிருந்து கிளம்பியது என்று நீண்ட காலம் சண்டை. மத்தியதரைக்கடல் என்றார்கள், தென்னாப்பிரிக்கா என்றார்கள். உலகமெங்குமிருந்து 532 பூச்சிகளின் மரபணுத் தொகுதியைப் படித்து 2020இல் வெளியான ஆய்வு தென்னமெரிக்காவைக் கைகாட்டுகிறது. மலாயாவில் 1920களிலேயே பதிவாகிவிட்டது. இப்போது முட்டைக்கோஸ், கடுகு வகை எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் இருக்கிறது. வெப்பநாட்டுச் சமவெளியிலும் இருக்கும், காற்றில் கடல் கடந்து குளிர்நாட்டுக்கும் போகும். 2016 கோடையில் பிரிட்டனில் கூட்டம் கூட்டமாக இறங்கியது.

மருந்து இதனிடம் பலிப்பது கொஞ்ச நாள்தான். டிடிடி பலிக்கவில்லை என்று ஜாவாவின் லெம்பாங்கிலிருந்து 1953இல் அறிக்கை வந்தது. பாக்டீரியாவில் செய்த பிடி மருந்தையும் வயலில் தாக்குப்பிடித்த முதல் பூச்சி இதுவே, 1990இல் ஹவாயில். கேமரன் மலையில் 1970, 80களில் தோட்ட முதலாளிகளான தவுக்கேகள் ஒரே டாங்கியில் மூன்று மருந்தைக் கலந்து அடித்தார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த எங்களுக்கே காற்றில் அந்த வாடை வரும்.

இதற்கு நடுவில், 1970களின் பிற்பகுதியில், டயடெக்மா என்ற சிறிய கறுப்புக் குளவியைக் கொண்டுவந்து இந்த மலையில் விட்டிருந்தார்கள். விட்டவர்களே பலன் இல்லை என்று நினைக்கும்படி அது அடையாளம் தெரியாமல் கிடந்தது. 1980களின் கடைசியில், எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்துகளைக் குறைத்து, புழுவை மட்டும் தாக்கும் பிடி மாதிரியான மருந்துக்கு மாறிய தோட்டங்களில் பார்த்தால் குளவி பெருகியிருந்தது. இதை ஆராய்ந்து எழுதியவர் பீட்டர் ஊய் என்ற மலேசிய அறிவியலாளர். குளவி வாழத் தெரியாமல் இருந்ததில்லை, நாம்தான் வாழவிடாமல் அடித்துக்கொண்டிருந்தோம்.

இப்போதும் கடைக்கு யாராவது கோஸ் இலை கொண்டுவந்தால் முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். வலை பின்னிய கூடு ஒட்டியிருக்கும். வலைக்குள் பச்சையோ மஞ்சளோ கலந்த கூட்டுப்புழு கண்ணாடி மாதிரித் தெரிந்தால் அது அந்துப்பூச்சி. அதே வலைக்குள் கெட்டியான, பழுப்பு நிற உருளை இருந்தால் குளவி புழுவைத் தின்று முடித்து அதன் வீட்டிலேயே படுத்திருக்கிறது. பத்துக் கூட்டில் பாதி பழுப்பாக இருந்தால், "அண்ணே, இந்த வாரம் அடிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். என் முதலாளிக்கு அது பிடிக்காது.

அந்தக் குளவிக்குச் சுகமான வெப்பம் 15இலிருந்து 25 டிகிரி. தைவானில் விட்டபோது மலைப்பகுதியில் மட்டும் நிலைத்தது, சமவெளியில் நிற்கவில்லை. நீலகிரியிலும் இருக்கிறது. அந்துப்பூச்சிக்கோ சமவெளியும் சம்மதம், மலையும் சம்மதம். ஆக, வெப்பம் கூடக்கூட, பூச்சியின் எல்லை அப்படியே இருக்கும், குளவியின் எல்லை மலைமேல் ஏறிச் சுருங்கும். ரிங்லெட் பக்கம் முதலில் இளைக்கும். உச்சிக்குமேல் ஏற இடமில்லை. பூச்சி எங்கே போகும் என்று மட்டும் கேட்டு வரைந்த வரைபடத்தில் இந்த ஆபத்து தெரியவே தெரியாது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

தேயிலைக்காரப் பிள்ளையாக இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. இலங்கையில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் ஒரு சிறு வண்டை 1892இல் நாவலப்பிட்டி கிரேக்ஹெட் தோட்டத்தில் முதலில் பதிந்தார்கள். குண்டூசித் துளை போட்டு, உள்ளே பூஞ்சை வளர்த்து அதைத் தின்னும். 2003இல் கலிபோர்னியாவில் மரங்களைத் துளைத்த வண்டு ஒன்று பிடிபட்டபோது, அதுவும் இந்தத் தேயிலை வண்டுதான் என்று பெயர் எழுதினார்கள். பல ஆண்டு கழித்து மரபணுவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் பல இனங்கள் அந்த ஒரே பெயருக்குள் ஒளிந்திருந்தன. தவறான ஆளின் விலாசத்தை வைத்துக்கொண்டு வரைபடம் போட்டால் என்ன பயன்? ஆகவே புழுவைப் பிடிக்கிறவர், பெயர் சொல்கிறவர், கணினியில் ஏற்றுகிறவர் மூவரும் சரியாக இருக்க வேண்டும்.

இதில் முதல் ஆள் நாம். வரைபடத்தில் புள்ளி இல்லாத ஊரில் பூச்சி இல்லை என்று பொருளில்லை. யாரும் பார்த்துச் சொல்லவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். எங்கள் மலையில் புதிய பூச்சியை முதலில் பார்க்கிறவர் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்து தோட்டத்தில் வேலை செய்யும் தொழிலாளிதான். அவர் மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் சொல்வார், மண்டோர் தவுக்கேயிடம், தவுக்கே என்னிடம். நான் ஒரு புட்டியை விற்பேன். தகவல் அங்கேயே நின்றுவிடும். ஊருக்குள் தெரிந்தால் சரக்கு விலை போகாது என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். கணினி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் இந்த மௌனத்தை அதனால் நிரப்ப முடியாது.

ஆகவே, கொல்லை வைத்திருப்பவர்களுக்கு: இதுவரை பார்க்காத புழு தென்பட்டால் மருந்தைக் கலப்பதற்கு முன்னால் படம் எடுங்கள். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், புழுவின் தலை, வால். தேதியும் இடமும் குறித்து விவசாய இலாகாவுக்கோ, தானா ராத்தாவில் இருக்கும் மார்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கோ அனுப்புங்கள். உயிரோடு காடியில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். சாராயத்தில் போட்டுக் கொண்டுவந்தால் போதும்.

கொல்லை இல்லாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம்மவர் பயணப் பையில் எப்போதும் ஒரு செடி இருக்கும். ஊரிலிருந்து கறிவேப்பிலைக் கொத்து, மல்லிகைப் பதியம், மரவள்ளிக் குச்சி, மஞ்சள் கிழங்கு. இங்கே வந்து போகிறவர்கள் தொட்டியோடு ஸ்ட்ராபெரிச் செடி எடுத்துப் போகிறார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பசுமை நோயைப் பரப்பும் சிறு பூச்சி, கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். அதனால்தான் அமெரிக்காவுக்குப் பயணிகள் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகத் தடை. மலேசியாவுக்குள் செடியோ விதையோ கொண்டுவர மாகிஸ் என்ற தனிமைப்படுத்தல், பரிசோதனை இலாகாவின் அனுமதி வாங்க வேண்டும். அடுத்த முறை ஊரிலிருந்து திரும்பும்போது அனுமதி வாங்காத கொத்து ஏதாவது பையில் இருந்தால், விமான நிலையத்துச் சோதனை மேசையில் நீங்களே எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். கறிவேப்பிலை இங்கேயும் சந்தையில் கிடைக்கிறது.